ஒன்பது பம்ப் விளையாட்டு

நெய்வேலிச் சுரங்கத்தின் பயிற்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள் நாலு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஆப்பிள் வாங்கி வந்திருந்தீர்கள். "சார், நம்ம ட்ரெய்னிங்ல முதல் கேம் நீங்கதானே பண்ணினீங்க? அந்தக் காலத்துலயே எப்படி சார் அவ்வளவு நல்லா வந்துச்சு?" என்று கேட்டீர்கள். நானும் சிரித்தேன், காபி கொடுத்தேன், டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டுப் புரோகிராம் ஏற்றிய கதையைச் சொன்னேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டீர்கள். உங்களை வழியனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்ததும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. இத்தனை வயசுக்கு மேலும் அதே கதையை, அதே இடங்களை விட்டுவிட்டு, அதே சிரிப்போடு சொல்லி முடித்திருக்கிறேன்.

விட்ட இடங்களை இதில் எழுதுகிறேன். அந்த விளையாட்டு நன்றாக வந்தது என்பதில் சந்தேகம் வேண்டாம். நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு நன்றாக வந்தது. அவ்வளவு நன்றாக வராமல் இருந்திருந்தால் ஒரு மனிதன் பிழைத்திருப்பானோ என்று சில நாள் தோன்றும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கம்ப்யூட்டர் அறை என்றால் ஏ.சி. போட்ட கருவறை மாதிரி. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். பெரிய மெஷின் சம்பளக் கணக்குப் போடும். அதன் பக்கத்தில், டி.வி.யோடு இணைக்கிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. யாரோ ஆர்வத்தில் வாங்கிப் போட்டது. டவுன்ஷிப்பில் பொருட்காட்சி வந்தது. ஒவ்வொரு பிரிவும் ஒரு ஸ்டால் போட வேண்டும். மற்றவர்கள் தெர்மோகோலில் சுரங்கம் செய்து வைப்பார்கள். எங்கள் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "அந்தச் சின்னக் கம்ப்யூட்டர்ல பிள்ளைங்க வந்து தட்டிப் பாக்கற மாதிரி எதையாவது போட்டு வைப்பா. ஸ்க்ரீன்ல ஏதாவது ஆடிக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். அதற்கு மேல் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை, நான் உட்பட.

நான் கம்ப்யூட்டர் பிரிவுக்கு வருவதற்கு முன் நிலத்தடி நீர் பிரிவில் இரண்டு வருஷம் இருந்தவன். அதனால் தண்ணீரை வைத்தே ஒரு விளையாட்டு எழுதினேன். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தரையாக நிற்கும். இது உங்களுக்கு முதல் நாள் பாடம். திரையில் சுரங்கத்தை வெட்டிப் பார்த்தது போல ஒரு படம். கீழே நீலக் கோடு, அதுதான் தண்ணீர். மேலே ஒன்பது பம்ப். ஒன்று முதல் ஒன்பது வரை சாவிகள். பம்பை ஓட்டினால் அதன் அடியில் நீலக் கோடு இறங்கும், நிறுத்தினால் ஏறும். கோடு தரையைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து என் மகளிடம் கொடுத்தேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பத்து நிமிஷம் ஆடினாள். "எல்லாத்தையும் ஓட்டி விட்டுட்டா ஜெயிச்சிடறோம்பா. அப்புறம் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். அப்புறம் பண்ண ஒன்றும் இல்லை. அவள் ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

இங்கேதான் கலியமூர்த்தி வருகிறார். பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரர். காண்ட்ராக்ட் தொழிலாளி. ஸ்டாலுக்கு மூங்கில் கட்ட, மேஜை தூக்க என்று அவரையும் இன்னும் இரண்டு பேரையும் அனுப்பியிருந்தார்கள். எனக்கு அவரை நீர் பிரிவிலேயே தெரியும். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் என்னை 'சார்' என்பார், நான் அவரை 'யோவ்' என்பேன். அந்த நாளில் அது எனக்கு உறுத்தியதே இல்லை.

எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். சுரங்கத்தைச் சுற்றித் தண்ணீர் மட்டம் பார்ப்பதற்கென்று குழாய்க் கிணறுகள் உண்டு. ஒவ்வொரு ஷிப்டிலும் ஒவ்வொரு கிணற்றுக்கும் நடந்து போய், அளவு டேப்பை உள்ளே விட்டு, மட்டத்தைப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது பெர்மனெண்ட் ஊழியரின் வேலை. எங்கள் ஷிப்டில் நடந்த வழக்கம் வேறு. வெயிலில் நடந்து டேப் விடுவது கலியமூர்த்தி. வந்து எண்ணைச் சொல்வதும் அவர். ஷெட்டில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போடுவது நாங்கள். அவருடைய காண்ட்ராக்ட் அட்டையில் அவர் வேலை 'புல் வெட்டுதல், பொது வேலை' என்று போட்டிருந்தது. நான் இருந்த இரண்டு வருஷத்தில் என் கையெழுத்து உள்ள பக்கங்களில் ஒரு கிணற்றைக்கூட நான் எட்டிப் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான், பின்னால் வந்தவரும் அப்படித்தான். யாரும் இதைத் தப்பு என்று நினைக்கவில்லை. எண் சரியாக இருந்தது, போதாதா?

ஸ்டாலில் மூங்கில் கட்டிவிட்டு, பீடி பிடிக்கப் போகாமல் கலியமூர்த்தி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார்.

"இன்னாய்யா சிரிக்கிறே?" என்றேன். அந்த ஊர்ப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தப்பா நெனக்காதீங்க சார். தண்ணி இப்டியா வரும்? இது வூட்டுக் கொழா மாதிரி இருக்குது."

"பின்ன எப்படி வரும்?"

"ஏழாம் நம்பர நிறுத்துறீங்கன்னு வெச்சிக்கங்க. ஏழுல லேசாதான் ஏறும். அத்தப் பாத்து ஒண்ணும் இல்லன்னு நெனச்சிக்கினு இருப்பீங்க. ரெண்டு ஷிப்டு கழிச்சி நாலாம் நம்பர்ல வந்து முட்டும் பாருங்க. கீழ தண்ணி யோசிச்சிக்கினுதான் சார் வரும். நிறுத்துன எடத்துல வராது."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் நின்றுகொண்டே சொன்னார். ரெண்டும் மூணும் ஜோடி, ஒன்றை நிறுத்தினால் மற்றது தாங்கும். எட்டாம் நம்பர் சாது. ஒன்பது கோவக்காரன், நிறுத்தின மறு ஷிப்டே காட்டிவிடும். "எல்லாத்தையும் ஓட்டிக்கினே இருந்தா மோட்டாரு சும்மா இருக்குமா சார்? சூடாயி நின்னுடும். ஒவ்வொண்ணுக்கா ஓய்வு குடுக்கணும். எதுக்கு எப்ப குடுக்கறதுன்றதுலதான் இருக்குது வேல" என்றார். பதினோரு வருஷம் தினமும் நடந்து பார்த்ததை ஒரு மதியத்தில் எனக்குச் சொல்லிவிட்டார். நான் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் வேறு கேட்டேன். "இவ்வளவு தெரிஞ்சு வெச்சிக்கிட்டு இன்னும் காண்ட்ராக்ட்ல கிடக்கிறியே?"

"சொரங்கத்துக்கு நெலம் குடுத்தவங்களுக்கு வேல குடுத்தாங்க சார். எங்கப்பன் அந்த நெலத்துல கூலிக்காரன். கூலிக்காரன்கிட்ட குடுக்கறதுக்கு இன்னா இருந்துச்சி?" என்று சொல்லிவிட்டு, மிச்சக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அவர் சொன்னபடி, ஒரு சுற்றுக்கு ஒரு ஷிப்ட் என்று வைத்து மாற்றி எழுதினேன். இரண்டு நாள் பிடித்தது. எழுதி முடித்து நானே ஆடினேன், தோற்றேன். மறுபடி ஆடினேன், தோற்றேன். சாப்பாட்டு நேரம் போனது தெரியவில்லை. ஆறாவது தடவை தோற்றபோது எனக்கே கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. தொழிலில் இருக்கிறவர்கள் என்பதால் உங்களுக்கு இதைச் சொல்கிறேன். தப்பும் அதன் தண்டனையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அது வெறும் சுவிட்ச். நடுவில் இரண்டு ஷிப்ட் இடைவெளி வந்ததும், ஆடுகிறவன் தன்னைத்தானே திட்டிக்கொள்ள ஆரம்பிக்கிறான். அந்த இடைவெளி என் மூளையில் உதித்தது இல்லை.

பொருட்காட்சி ஆறு நாள். முதல் நாள் நாங்கள் நினைத்தபடி பிள்ளைகள்தான் வந்தார்கள். இரண்டாம் நாள் முதல் ஷிப்ட் முடிந்து பம்ப் ஆபரேட்டர்கள் யூனிஃபார்மோடு வந்து நின்றார்கள். மூன்றாம் நாள் ஸ்டாலுக்கு முன்னால் கயிறு கட்ட வேண்டியதாயிற்று. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கலியமூர்த்தி. ஒருவர் ஆட, பின்னால் இருபது பேர் கத்துவார்கள். "நாலை ஏன்டா நிறுத்தின!" "நான் எங்க நிறுத்தினேன், அது நேத்து ஏழை நிறுத்தினதுக்கு வருது!" ஓர் ஆபரேட்டரின் மனைவி, புருஷன் பதிமூன்று ஷிப்டில் தோற்றதைப் பார்த்துவிட்டு, குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பதினெட்டு ஷிப்ட் வரை போனார். கைதட்டல் பக்கத்து ஸ்டால் வரை கேட்டது. பொறியாளர்கள் வந்தார்கள். அவர்களில் கெட்டிக்காரரான ஒருவர் இருபத்திரண்டு வரை போனார். முப்பது ஷிப்ட் தாக்குப்பிடித்தால் வெற்றி என்று வைத்திருந்தேன். ஆறு நாளில் அங்கே யாரும் முப்பதைத் தொடவில்லை. கலியமூர்த்தியை ஆடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் பெரிய அதிகாரி வந்தார். மூன்று தடவை தோற்றார். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, "தண்ணி நிஜமாவே இப்படித்தான் நடந்துக்குது. இது எப்படி உங்களுக்குக் கிடைச்சுது?" என்று கேட்டார். எங்கள் பிரிவுத் தலைவர் முந்திக்கொண்டார். "பழைய ரெஜிஸ்டரையெல்லாம் வெச்சு அனலைஸ் பண்ணினோம் சார்."

பெரிய அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ரெஜிஸ்டரில் இருப்பதும் கலியமூர்த்தி சொன்ன எண்கள்தானே, ஒருவகையில் உண்மைதானே என்று அந்த நொடியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. மூன்றடி தள்ளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் முகத்தை நான் பார்க்கவில்லை. "பம்ப் ஆபரேட்டர் ட்ரெய்னிங்குக்கு இதையே வெச்சிக்கலாம்" என்று பெரிய அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது பொருட்காட்சிச் சாமான் இல்லை, பாடம்.

நாலைந்து மாதம் கழித்து நீர் பிரிவில் சில இடங்களுக்குக் காண்ட்ராக்ட் ஆட்களிலிருந்து பெர்மனெண்ட்டுக்கு எடுப்பதாகச் செய்தி வந்தது. தண்ணீர் மட்டம் பார்த்த அனுபவம் வேண்டும். வயது வரம்பு உண்டு. கலியமூர்த்திக்கு அந்த வருஷம் போனால் வயது தாண்டிவிடும். ஒரு காலையில் என்னைத் தேடி வந்தார். கம்ப்யூட்டர் அறைக்குள் வர அவருக்குப் பாஸ் கிடையாது. வெளியே, செருப்புகள் கிடக்கிற இடத்தில் நின்றுகொண்டு பேசினோம்.

"அட்டையில புல்லு வெட்டுறவன்னு போட்டிருக்குது சார். ரெஜிஸ்டர்ல எம்பேரு எங்கியும் இல்ல. ஆனா டெஸ்ட்டுக்கு ஒங்க வெளையாட்டத்தான் வெக்கப் போறாங்களாம். நெசமாவா?"

நிஜம்தான். பெரிய அதிகாரியின் யோசனை அது. சும்மா கேள்வி கேட்பதைவிட ஆடச் சொல்லிப் பாருங்கள், தண்ணீரைத் தெரிந்தவன் யார் என்று தெரிந்துவிடும் என்று சொல்லியிருந்தார்.

கலியமூர்த்தி சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "அப்ப போதும் சார். வேற யாரும் சொல்ல வேணாம். அதுவே சொல்லிடும்" என்றார்.

டெஸ்ட் அன்று காலை பத்து மணிக்குப் பயிற்சி நிலையத்தில் கூடினார்கள். ஆள் எடுக்கும் போர்டில் மூன்று பேர். நடுவில் பர்சனல் அதிகாரி, ஒரு பக்கம் பயிற்சித் தலைவர், இன்னொரு பக்கம் நீர் பிரிவின் மூத்த பொறியாளர். கம்ப்யூட்டரை ஓட்டுவதற்காக நான் ஓர் ஓரத்தில். ஆறு பேர் ஆட வந்தார்கள். முதல் ஐந்து பேரில் நன்றாக ஆடியவர் பதினான்கு ஷிப்ட் தாக்குப்பிடித்தார். ஆறாவதாகக் கலியமூர்த்தி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், புதுசு, காலர் விறைப்பாக நின்றது. ஒற்றை விரலால்தான் சாவியை அழுத்தினார். ஒவ்வொரு ஷிப்டுக்கும் கொஞ்சம் கண்ணை மூடி யோசித்தார். பத்து தாண்டியது. இருபது தாண்டியது. பயிற்சித் தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். முப்பதாவது ஷிப்ட் முடிந்தபோது நீலக் கோடு தரையிலிருந்து இரண்டு விரல் அளவு கீழேயே கிடந்தது.

"ஆச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து நின்றார்.

வெளியே இருக்கச் சொன்னார்கள். கதவு சாத்தியதும் பர்சனல் அதிகாரி என் பக்கம் திரும்பினார். அவர் கெட்டவர் இல்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

"இஞ்சினியர்களே இருபத்திரண்டுதான் போயிருக்காங்கன்னு சொன்னாங்க. புல் வெட்டற ஆள் எப்படி முப்பது போடறார்? இவருக்கு இந்த கேம் முன்னாலேயே தெரியுமா?"

தெரியும் என்று சொன்னால் போதாது. எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். இந்த விளையாட்டே அவர் சொன்னதுதான், அவர் ஆடியது விளையாட்டை இல்லை, பதினோரு வருஷம் நடந்த கிணறுகளை என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்படியென்றால் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவர்கள் யார்? அதில் என் கையெழுத்து இருந்தது. என் நண்பர்கள் ஐந்தாறு பேர் கையெழுத்து இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மூத்த பொறியாளரின் பழைய கையெழுத்தும் இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டவில்லை, சைகை காட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். பெரிய அதிகாரியிடம் நான் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தது.

இதெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில் ஓடியது. நான் சொன்னேன்: "பொருட்காட்சியில ஆறு நாளும் நம்ம ஸ்டால்லதான் நின்னார் சார். மத்தவங்க ஆடறதைப் பாத்திருப்பார்."

இந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நீங்கள் எந்தக் கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாலும் நிற்கும்.

"அப்போ பாத்துப் பாத்துப் பழகிட்டு வந்திருக்கார். இதை மார்க்ல எடுத்துக்க முடியாது, மத்த அஞ்சு பேருக்கு அநியாயம்" என்றார் பர்சனல் அதிகாரி. ஆட்டத்தை எடுத்துவிட்டால் கலியமூர்த்தியின் பேரில் மிச்சமிருந்தது 'புல் வெட்டுதல், பொது வேலை' மட்டும்தான். மூத்த பொறியாளர் குனிந்து காகிதத்தில் ஏதோ எழுதினார். பயிற்சித் தலைவர் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு அவரும் விட்டுவிட்டார்.

நான் வெளியே வந்தபோது கலியமூர்த்தி பெஞ்சிலிருந்து எழுந்தார். "நல்லா ஆடினேங்களா சார்?"

"ரொம்ப நல்லா ஆடினேய்யா. பாப்போம்" என்றேன். அந்தப் 'பாப்போம்' என்ற வார்த்தையை அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்வதில்லை. என் பேரன் சைக்கிள் கேட்டால்கூட உண்டு, இல்லை என்று சொல்லிவிடுவேன்.

பட்டியல் வந்தது. அவர் பேர் இல்லை. அவர் என்னைத் தேடி வரவில்லை. போர்டில் நான் என்ன சொன்னேன் என்பது எப்படியோ கசிந்து வடக்குத்து வரை போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் என் மனைவியும் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். எதிரே ஓர் அம்மாள் வந்து நின்றார். இடுப்பில் கூடை. "கம்ப்யூட்டரு சாரு நீங்கதான?" என்றார். ஆமாம் என்றேன். "நான் கலியமூர்த்தி வூட்டுக்காரி. அஞ்சல."

என் மனைவி கும்பிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அஞ்சலை என் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார். "பத்து வருசத்துக்கு மேல வெய்யில்ல நடந்துகினு கெடந்தாரும்மா. கெணறு கெணறா. வூட்டுக்கு வந்தா கால அமுக்கிக்கினே அந்தத் தண்ணி பேச்சுதான். இன்னா கேட்டோம் இவுருகிட்ட? வேல குடுன்னு கேட்டமா? ஒங்க நாற்காலிய குடுன்னு கேட்டமா? அந்தாளு அளந்தாருன்னு ஒரு வார்த்த. அத்த சொன்னா இவுரு வாயில இருக்கறது கொட்டிப் பூடுமா?"

கடைக்காரர் தராசைத் தூக்கியபடியே நின்றார். நான், "மேலதான் முடிவு பண்ணினாங்கம்மா" என்று ஏதோ சொன்னேன்.

"மேல ஒக்காந்துகினு இருந்தது யாரு? நீங்களுந்தான?" என்றார். பிறகு கூடையை மாற்றி வைத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். சொன்னேன். "நீங்க வேலைக்குப் பயந்துதான் சொன்னீங்க" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன். பல வருஷம் அந்தப் பயத்தின் மேல்தான் சாய்ந்துகொண்டிருந்தேன்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது. விளையாட்டின் முதல் திரையில் என் பேர் போட்டோம். வேறு ஊர்ச் சுரங்கங்களிலிருந்து வந்து பார்த்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அந்த இரண்டு ஷிப்ட் இடைவெளியைத்தான் பாராட்டினார்கள். நானும் விளக்கினேன். விளக்கி விளக்கி, நாளாக ஆக, அது நானே கண்டுபிடித்தது போன்ற தொனி எனக்கு வந்துவிட்டது. நெருக்கடியில் பொய் சொல்லாதீர்கள் என்று உங்களுக்குப் புத்திமதி சொல்ல நான் யார்? நான் பொய்யே சொல்லவில்லையே. உண்மையை எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தின இடத்தில் வேறு ஒருவன் கால் மாட்டிக்கொள்ளும்.

இது இத்தோடு முடிந்திருந்தால்கூட நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஒன்றரை வருஷம் போனது. ஒரு மதியம். எங்கள் தலைவர் விடுப்பில் இருந்தார், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கதவருகே யாரோ நிற்பது போல் இருந்தது. கலியமூர்த்தி. செருப்பை வெளியே விட்டுவிட்டு, வாசற்படியைத் தாண்டாமல் நின்றார். நான் எழுந்தேன். "உள்ள வாங்க, உக்காருங்க" என்றேன். என்னையறியாமல் 'வாங்க' வந்தது.

"வேணாங்க. ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"கெழக்கால புதுசா நாலு பம்பு போட்டாங்க இல்லீங்களா? அதுக்கப்புறம் அஞ்சாம் நம்பரு மாறிப் பூட்ச்சு. முன்ன அத்த ரெண்டு ஷிப்டு நிறுத்துனாலும் தாங்கும். இப்ப தாங்கல. ஆறுல ஏறுது. பசங்க ஒங்க வெளையாட்டுல படிச்சிட்டு வந்து அஞ்சத்தான் மொதல்ல நிறுத்துறானுங்க. அத்த மாத்திடுங்க."

நான் எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன். "என் மேல கோவம் இல்லையா?"

"இருக்குதுங்க" என்றார், எதையும் மறைக்காமல். "அதுக்காவ சொல்லாம இருக்க முடியுமா? கீழ எறங்குறவன்லாம் எங்க ஆளுங்க. தண்ணி ஏறுனா அவனுங்க காலுலதான் ஏறும்."

போய்விட்டார். நீர் பிரிவுக்குப் போன் போட்டு, கடைசி மூன்று மாத ரெஜிஸ்டரை வரவழைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது அச்சாகச் சரியாக இருந்தது. பத்து வரியில் புரோகிராமைத் திருத்திவிட்டேன்.

பாடமாக வைத்த பொருளில் மாற்றம் செய்தால் அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். என்ன மாற்றம், ஏன், தகவல் தந்தவர் பெயர், ஊழியர் எண். கலியமூர்த்திக்கு ஊழியர் எண் கிடையாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பெயரை மட்டும் எழுதியிருக்கலாம். அதிகபட்சம் ஒரு கேள்விக்குறி போட்டு படிவம் திரும்பி வந்திருக்கும். வந்தால் நான் நேரில் போய் விளக்கியிருக்கலாம். அவர் பேர் எங்கேயாவது ஓரிடத்தில் ஏறியிருக்கும். வயது தாண்டினவருக்கு அதனால் வேலை கிடைத்திருக்காது என்பது வேறு. மறுநாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

போர்டில் மூன்று பேர் எதிரே இருந்தார்கள், பயந்தேன், சரி. அன்று மதியம் அறையில் யாரும் இல்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. என் பேரையும் என் எண்ணையும் எழுதிவிட்டு, பேனாவை மூடி, சாப்பிடப் போனேன்.